குண்டு விழுந்த இடம் வரை நம் இடம்

பேராசை பெருநஷ்டம் என்று எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். சென்னைப்பட்டினத்துக் கோட்டையில் கவர்னராக உட்கார்ந்திருந்த துரைமார்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பெரிதாக ஆசைப்பட்டார்கள், பெரிதாகச் சம்பாதித்தார்கள், சீமைக்குத் திரும்பிப்போய்ப் பெரிய பெரிய பண்ணைகளாக வாங்கிப்போட்டார்கள். நஷ்டப்பட்டவர்கள் எல்லாம் அரைக்காசுக்கு ஆசைப்பட்டவர்கள்தான்.

இருந்தாலும் அந்தக் கோட்டைக்குள் ஒருவரை ஒருவர் பேராசைக்காரன் என்று ஏசிக்கொண்டதற்குக் குறைவே இல்லை. கோட்டையை ஆண்ட கிழக்கிந்தியக் கும்பினியின் பழைய கடிதங்களும் ஆலோசனைக் குறிப்புகளும் தொகுதி தொகுதியாக அச்சில் கிடைக்கின்றன. எதைத் திறந்தாலும் எவனோ எவன் மேலோ புகார் வாசித்துக்கொண்டிருப்பான். படித்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் பிடிபடும். கொள்ளை போனவன் வாயிலிருந்து அந்த வசவு வருவது அபூர்வம். அவன் மனு எழுதிப் போடுவதென்றால்கூட மொழிபெயர்க்கும் துபாஷியின் தயவு வேண்டும். வசவு கூட்டாளியிடமிருந்துதான் வருகிறது. அதுவும் பங்கு பிரித்த மறுநாள் காலையில்.

முதலில் எலிஹு யேல் துரையைப் பார்ப்போம். 1672-ல் வருஷத்துக்கு 10 பவுன் சம்பளத்தில் எழுத்தராக வந்து இறங்கினார். பத்துப் பவுனில் ஒரு வெள்ளைக்காரன் ஒரு வருஷம் சாப்பிட்டு, குடித்து, உடுத்தி, பல்லக்கில் போக முடியாது என்பது லண்டனில் இருந்த முதலாளிகளுக்கும் தெரியும். ஆகவே ஒரு ஏற்பாடு. ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கு கும்பினிக்கு. ஆசியத் துறைமுகங்களுக்குள்ளே நடக்கிற வியாபாரத்தை ஊழியர்கள் தங்கள் சொந்தக் காசில் செய்துகொள்ளலாம். இதற்குச் ‘சொந்த வியாபாரம்’ என்று மரியாதையான ஒரு பெயர். சொந்தக் காசு எது, கும்பினி காசு எது என்று பிரித்துப் பார்க்கும் வேலை யாரிடம் என்றால், அந்த ஊழியரிடமே.

யேல் துரை வேலையில் கெட்டி. 1680 அக்டோபரில் கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயம் திறந்தது. மறு வாரமே, நவம்பர் 4 அன்று, அதில் நடந்த முதல் கல்யாணம் யேலுடையது. மணப்பெண் கேதரின் ஹின்மர்ஸ். கோட்டையில் பெரிய உத்தியோகத்தில் இருந்து, அந்த வருஷம்தான் காலமான ஜோசப் ஹின்மர்ஸின் விதவை. கணவர் நல்ல சொத்து விட்டுப்போயிருந்தார். காதல் இருந்திருக்கலாம். மறுக்க நான் யார்?

1687-ல் கவர்னர் ஆனார். 1690-ல் கடலூரில் நடந்தது என்னவென்று விஸ்தாரமாகச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சிவாஜியின் மகன் ராஜாராம் அப்போது செஞ்சிக் கோட்டையில் இருந்தார். முகலாயப் படை அவரைத் தேடித் தெற்கே வந்துகொண்டிருந்தது. கைச்செலவுக்குப் பணம் வேண்டும். கடலூருக்குப் பக்கத்தில், கடற்கரையில், தேவனாம்பட்டினத்தில் ஒரு கோட்டை விலைக்கு வந்தது. யேல் வாங்கினார். கோட்டை மட்டும் என்றால் விஷயம் பத்திரத்தோடு முடிந்துபோயிருக்கும். கோட்டையைச் சுற்றிலும் பெரிய பீரங்கியின் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள நிலமும் வாங்குபவருக்குச் சேரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது.

எழுதிக்கொடுத்தவர்கள், ‘கோட்டைக்குப் பக்கத்தில் கொஞ்சம் காலி இடம்’ என்று நினைத்திருப்பார்கள். யேல் அந்த வரியை வேறு மாதிரி படித்தார். சென்னைக் கோட்டையில் இருந்ததிலேயே நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்து எடுத்தார். கைதேர்ந்த பீரங்கிக்காரரையும் கூட்டிக் கடலூருக்கு அனுப்பினார். மருந்தை எப்படிக் கிட்டித்து, வாயை எவ்வளவு தூக்கினால் குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது பீரங்கிக்காரனின் கைத்திறமை என்று குறிப்பும் போனது. ‘திறமையைக் காட்டு ராசா’ என்பதன் கும்பினி வடிவம் அது.

செப்டம்பர் மாதம். சர்வேயர் கிடையாது, சங்கிலி கிடையாது, மணியக்காரர் கிடையாது. வடக்கே ஒரு குண்டு. மேற்கே ஒரு குண்டு. தெற்கே ஒரு குண்டு. கிழக்கே கடல், அங்கே சுட்டு என்ன பிரயோஜனம்? குண்டு விழுந்த இடம் வரை இங்கிலீஷ்காரன் எல்லை. நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் வானத்தைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்பதை எந்த ஆலோசனைக் குறிப்பிலும் பதிவு செய்யவில்லை. காலையில் மராத்தியருக்கு வரி கட்டிக்கொண்டிருந்த ஊர், மத்தியானம் கும்பினிக்கு வரி கட்டும் ஊராகிவிட்டது. கடலூர்ப் பட்டணமும் அந்த வட்டத்துக்குள் அகப்பட்டது. சுற்றியிருந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயரே விழுந்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊர் இன்றும் கடலூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பட்டாவைப் பீரங்கியில் போட்டுக் கொடுத்த பத்திரப் பதிவு உலகத்தில் வேறெங்கும் நடந்ததாக நான் படித்ததில்லை.

இதை லண்டனில் யாரும் பேராசை என்று சொல்லவில்லை. குண்டு விழுந்த இடமெல்லாம் கும்பினிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டதே! கோட்டைக்குச் செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். அது யேலின் பூர்வீகமான வேல்ஸ் நாட்டுப் புனிதர் பெயரா, 1688-ல் சென்னையில் செத்துப்போன அவருடைய சின்னப் பையன் டேவிட்டின் பெயரா என்பதில் இரண்டு கட்சி உண்டு. பையனின் சமாதி இப்போதும் உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டி நிற்கிறது.

இரண்டே வருஷம். 1692-ல் யேலின் பதவி பறிபோனது. கும்பினியின் பணத்தையும் கப்பலையும் தன் சொந்த வியாபாரத்துக்கு ஓட்டினார், தம்பி தாமஸையும் சேர்த்துக்கொண்டார் என்று புகார். ஊரான் நிலத்தில் குண்டு போட்டது சாமர்த்தியம், முதலாளி கப்பலில் மூட்டை போட்டது பேராசை. கணக்கு வழக்கு முடிந்து அவர் கப்பல் ஏற 1699 ஆகிவிட்டது. பணம் மட்டும் பத்திரமாக அவருடனே ஏறியது.

லண்டனில் ஓய்வாக இருந்தவருக்கு 1718-ல் அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம். கனெக்டிகட்டில் ஒரு சின்னக் கல்லூரி, கட்டடம் கட்டப் பணமில்லை. ஏதாவது செய்தால் உங்கள் பெயரை வைத்துவிடுகிறோம் என்று காட்டன் மாதர் என்ற பாதிரியார் தூண்டில் போட்டார். யேல் 9 மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று, எல்லாம் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுன் சொச்சம் தேறியது. நம் ஊர்க் கோயிலில் டியூப்லைட் வாங்கிக்கொடுத்துவிட்டு வெளிச்சத்தை மறைக்கிற மாதிரி உபயம் எழுதி வைப்பார்களே, அந்தக் கணக்கு. உபயதாரர் பெயர் 300 வருஷம் கழித்தும் எரிந்துகொண்டிருக்கிறது. அந்தக் கல்லூரிக்கு அவரைவிட அதிகம் புத்தகம் சேர்த்துக்கொடுத்த ஜெரமையா டம்மர் என்றொருவர் இருந்தார். டம்மர் பல்கலைக்கழகம் என்று யார் பெயர் வைப்பார்கள்?

யேலாவது உள்ளே இருந்து எடுத்தார். அவருக்குப் பின்னால் வந்த தாமஸ் பிட் வெளியே இருந்து எடுத்தவர். கும்பினிக்கு மட்டுமே என்று ராஜா சாசனம் எழுதிக்கொடுத்த கிழக்கிந்திய வியாபாரத்தை, சாசனமாவது ஒன்றாவது என்று 1670-களிலிருந்தே தன் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தார். இப்படிப்பட்டவர்களைக் கும்பினி ‘அத்துமீறி நுழைந்தவர்கள்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதும். பிடிக்க ஆளனுப்பினார்கள், வழக்குப் போட்டார்கள், அபராதம் வாங்கினார்கள். அவரோ ஓல்டு சாரம் என்ற ஊரையே விலைக்கு வாங்கிப் பாராளுமன்ற உறுப்பினர் ஆனார். அந்தத் தொகுதியில் வீடு வாசல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, இடிந்த கோட்டை மேடுதான். ஓட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டிய செலவுகூட மிச்சம். கடைசியில் கும்பினிக்கே அலுத்துப்போய், 1698-ல் அவரையே சென்னைக்குக் கவர்னராக அனுப்பியது. வேலைகளில் ஒன்று: அத்துமீறி நுழைகிறவர்களை அடக்குவது.

இங்கே வருகிறது வைரம். கிருஷ்ணா நதிக்கரையில் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்த 410 காரட் கல். அதற்கு ஒரு முன்கதையும் உண்டு. ஒரு சுரங்க அடிமை தன் காலில் காயம் பண்ணிக்கொண்டு, கட்டுக்குள் கல்லை மறைத்து, கடற்கரைக்கு ஓடிவந்தான். ஒரு இங்கிலீஷ் கப்பல் தலைவனிடம், பாதியை எடுத்துக்கொள், என்னை அக்கரை சேர் என்றான். தலைவன் அவனைக் கடலில் தள்ளிவிட்டுக் கல்லை விற்றான், காசைக் குடித்துத் தீர்த்துத் தூக்கில் தொங்கினான். எவ்வளவு நீதியான கதை பாருங்கள். பேராசைப்பட்ட எல்லோரும் செத்துப்போகிறார்கள், ஒருவருக்கும் பெயர் கிடையாது, ஒன்றையும் நிரூபிக்கவும் முடியாது. கல்லை வைத்துக்கொண்டு பிழைத்தவர்கள் மட்டும் பெயரோடும் பத்திரத்தோடும் இருக்கிறார்கள்.

பெயரோடு இருப்பவர்களில் முதல்வர் ஜம்சந்த் என்ற வைர வியாபாரி. 1701-ன் கடைசியில், வேங்கடச் செட்டி என்ற உள்ளூர்க்காரரைக் கூட்டிக்கொண்டு பிட்டிடம் கல்லைக் கொண்டுவந்தார். விலை 2,00,000 வராகன் என்றார். பிட் 30,000 என்றார். இந்த இடைவெளியைப் பார்த்தால் இருவரும் ஒரே கல்லைத்தான் பார்த்தார்களா என்று சந்தேகம் வரும். ஜம்சந்த் போய்விட்டார். சில மாதம் கழித்து வந்தார். 1,00,000 என்றார். மறுபடி போனார். மறுபடி வந்தார். 55,000 என்று இறங்கினார். இவர் 45,000 என்று ஏறினார். அவர் 50,000 என்று நின்றார். இவர் 47,500 என்று நின்றார். இவ்வளவு தூரம் வந்த பிறகு இந்த அற்ப வித்தியாசத்துக்காகவா என்று இருவருக்குமே தோன்றியிருக்கும். 48,000-த்தில் கைகொடுத்து முடித்தார்கள்.

அந்தக் காலக் கணக்கில் அது 20,400 பவுன். கவர்னருக்கு வருஷச் சம்பளம் 300 பவுன். அதாவது பிட் சோறு தண்ணீர் இல்லாமல் 68 வருஷம் சேமித்திருந்தால் வாங்கியிருக்கலாம். அவர் மூன்றே வருஷத்தில் அந்த நிலைக்கு வந்துவிட்டார். நியாயமாகச் சொன்னால், வைர வியாபாரம் தனியாருக்குத் திறந்துவிடப்பட்ட ஒன்று, சட்டப்படி தப்பில்லை. சட்டம் எழுதியவர்களும் வைரம் வாங்குகிறவர்கள்தானே.

கல்லை 1702-ல் மகன் ராபர்ட்டிடம் கொடுத்துக் கப்பலேற்றினார். செருப்பின் குதிகாலில் ஒளித்துக் கொண்டுபோனான் என்பார்கள். லண்டனில் பட்டை தீட்டினார்கள். 410 காரட் 141 ஆனது. அதற்குள் ஊர் முழுக்கப் பேச்சு: கவர்னர் ஜம்சந்தை மிரட்டிப் பிடுங்கிவிட்டார், பேராசை பிடித்த ஆசாமி. சொன்னவர்கள் யார்? ஜம்சந்த் அல்ல. அவர் அடுத்த சரக்கைத் தேடிப் போயிருப்பார். தங்கள் கையில் அந்தக் கல் அகப்படாமல் போன லண்டன் கனவான்கள்தான் முணுமுணுத்தார்கள். பொறுக்க முடியாமல் பிட் 1710-ல் ஒரு வாக்குமூலம் எழுதினார். நான் மேலே சொன்ன பேரம் முழுக்க அதில் வருவதுதான். எத்தனை தடவை வந்தான், எத்தனை தடவை போனான் என்று நாள் கணக்கில் எழுதிச் சத்தியம் செய்திருக்கிறார். ‘நான் ஏமாற்றவில்லை, பேரம்தான் பேசினேன்’ என்று கடவுள் சாட்சியாக எழுதிவைத்த ஒரே கவர்னர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

வாங்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். அவ்வளவு பெரிய கல்லை ராஜாவுக்குத்தான் விற்க வேண்டும், ராஜாக்கள் எல்லோரும் சண்டைச் செலவில் கிடந்தார்கள். கல் கைவசம் இருந்த வருஷங்களில் பிட் ஒரே கூரையின் கீழ் இரண்டு ராத்திரி தூங்கமாட்டார், மாறுவேஷத்தில் போய்வருவார் என்று சொல்வார்கள். 1717-ல் பிரான்சை ஆண்ட ஆர்லியன்ஸ் கோமகன் பிலிப் 1,35,000 பவுனுக்கு வாங்கிக்கொண்டார். போட்டதற்கு ஆறு மடங்குக்கு மேல். கிழவர் நிம்மதியாகத் தூங்கினார். பண்ணைகள் வாங்கினார். பேரன் வில்லியம் பிட் இங்கிலாந்தின் தலைமை அமைச்சர் ஆனார். பேரனின் மகன், அதே பெயர், அதே பதவி. கொல்லூர்க் கல் எவ்வளவு தூரம் உருண்டது பாருங்கள். இந்தப் பெரியவரின் காலத்தில்தான் நுங்கம்பாக்கமும் திருவொற்றியூரும் வியாசர்பாடியும் சேர்த்து ஐந்து ஊர்கள் 1708-ல் கும்பினிக்கு வந்தன. அதற்குக் குண்டு செலவாகவில்லை.

அந்தக் கல் இப்போது பாரிஸில், லூவர் அருங்காட்சியகத்தின் சொத்து. 1792-ல் ஒரு தடவை திருட்டுப்போய்த் திரும்பக் கிடைத்தது. 2025 அக்டோபரில் பட்டப்பகலில் ஏணிவண்டி வைத்து ஏறி, சில நிமிஷத்தில் ராஜ நகைகளை அள்ளிக்கொண்டு போனார்களே, அதே கூடத்தில்தான் இதுவும் இருந்தது. இதைத் தொடவில்லை. 300 வருஷத்தில் இந்தக் கல்லுக்கு அவ்வளவு பக்கத்தில் போய், வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவர்கள் அந்தத் திருடர்கள்தான்.

கிளைவ் கதை எல்லோருக்கும் தெரியும், நீட்டவில்லை. 1744-ல் சென்னைக்கு 5 பவுன் சம்பளத்தில் வந்தவர், 1757-ல் பிளாசிக்குப் பிறகு மீர் ஜாஃபரிடமிருந்து 2,34,000 பவுன் ‘வெகுமதி’ பெற்றார். வருஷத்துக்கு 27,000 பவுன் தரும் ஜாகிர் தனி. பாராளுமன்றம் விசாரித்தபோது, கஜானாவின் நடுவே நின்றுகொண்டு இவ்வளவு கொஞ்சமாகவா எடுத்தேன் என்று என் அடக்கத்தை நினைத்து எனக்கே வியப்பாக இருக்கிறது என்ற பொருளில் பேசினார் என்பார்கள். 1773-ல் அவர் நாட்டுக்குப் பெரும் சேவை செய்தவர் என்று அதே பாராளுமன்றம் தீர்மானம் போட்டது. கஜானாவின் சொந்தக்காரர்களை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

சென்னைக்கே திரும்புவோம். வாலாஜா சாலைக்குப் பெயர் கொடுத்த ஆற்காடு நவாப் முகமது அலி அற்புதமான மனிதர். கடன் வாங்குவதில் அவருக்கு நிகர் அவர்தான். அவரை நவாபாக உட்காரவைக்க நடந்த சண்டைக்கான செலவைக் கும்பினி அவர் கணக்கிலேயே எழுதியது. அந்தக் கடனை அடைக்க அவர் கும்பினியின் ஊழியர்களிடமே தனித்தனியாகக் கடன் வாங்கினார். வட்டி 20-லிருந்து 36 வரை. பகலில் கும்பினி அதிகாரியாக வந்து பாக்கி எங்கே என்று மிரட்டுகிற அதே துரை, சாயங்காலம் சேப்பாக்கம் அரண்மனைக்கு வந்து, கவலைப்படாதீர்கள், நான் தருகிறேன் என்பார். அடமானம் என்ன? இந்த ஜில்லாவின் அடுத்த போக மகசூல், அந்தச் சீமையின் நிலவரி. குத்தகைக்காரன் களத்துமேட்டிலேயே நெல்லை அளந்து எடுத்துக்கொண்டு போவான். உழுதவனுக்கு ஆற்காட்டு நவாபும் தெரியாது, கடன் கொடுத்த துரையும் தெரியாது. வருஷா வருஷம் நெல் மட்டும் குறைகிறது என்பது தெரியும். கடனில் பாதிக்கு ரொக்கமே கைமாறவில்லை, வெறும் காகிதம். நவாபுக்கு அதிலும் வருத்தமில்லை. கடன்காரர்கள் கூடக் கூட, தன்னைக் கவிழ்க்க விடாமல் பார்த்துக்கொள்ள லண்டன் வரை ஆள் இருக்கிறது என்ற தெம்பு அவருக்கு.

கடன் கொடுத்தவர்களில் ராஜா, பால் பென்ஃபீல்டு. 1764-ல் பொறியாளராக வந்தவர். கறுப்பர் பட்டணத்துக்கு மதில் கட்டும் ஒப்பந்தம் எடுத்தார். அந்த மதிலின் செலவுக்கு வரி போட நினைத்த கதைதான் சென்ட்ரல் பக்கத்து வால்டாக்ஸ் சாலையின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சம்பளம் வருஷத்துக்குச் சில நூறு பவுன். 1773-ல் நவாபுக்காகக் கும்பினிப் படை தஞ்சாவூரைப் பிடித்தது. ராஜா துளஜாஜி சிறையில். தஞ்சாவூர் நெல் நவாபின் கடன்காரர்களுக்கு. இது அக்கிரமம் என்று லண்டனுக்கே தோன்றி, ராஜாவைத் திரும்ப உட்காரவைக்கும்படி பிகட் பிரபுவை இரண்டாம் தடவை கவர்னராக அனுப்பியது. 1776-ல் அவர் தஞ்சாவூருக்குப் போய் அதைச் செய்துவிட்டு வந்தார்.

வந்ததும் பென்ஃபீல்டு ஒரு கட்டுக் காகிதத்தோடு நின்றார். நவாப் தஞ்சாவூர் வருமானத்தை எனக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார், அதில் 1,62,000 பவுன். அங்கே தனி ஆட்களிடம் 72,000 பவுன். ஆக எனக்கு வரவேண்டியது 2,34,000. கூட்டிப் பார்த்தேன், கிளைவின் வெகுமதியேதான், ஒரு பவுன் பிசகவில்லை. கும்பினியில் அந்தத் தொகைக்கு என்ன ராசியோ.

கவர்னரின் ஆலோசனைச் சபை முதலில் ஆதாரம் போதாது என்று தள்ளியது. அப்புறம் மனம் மாறியது. சபையில் பெரும்பாலோர் நவாபுக்குத் தாங்களும் கடன் கொடுத்தவர்கள் என்பதை நினைவு வைத்துக்கொண்டால் மன மாற்றத்துக்கு வேறு விளக்கம் வேண்டாம். பிகட் ஒப்புக்கொள்ளவில்லை. அவரும் ரிஷி அல்ல. முதல் தடவை கவர்னராக இருந்தபோது சேர்த்த பெரும் சொத்தில் அவர் பெயராலேயே அழைக்கப்படும் ஒரு வைரமும் இருந்தது. தஞ்சாவூருக்குத் தன் ஆளான ரஸலை அனுப்பவேண்டும் என்று அவர் நின்றார். கர்னல் ஸ்டூவர்ட்தான் போகவேண்டும் என்று எதிர்க்கட்சி நின்றது. யார் ஆள் தஞ்சாவூரில் உட்காருகிறானோ அவன் பக்கம் நெல் சாயும். இரண்டு பக்கமும் மற்றவனைப் பேராசைக்காரன் என்று லண்டனுக்கு எழுதியது. இரண்டு கடிதமும் உண்மை.

1776 ஆகஸ்ட் 24. கர்னல் ஸ்டூவர்ட் அன்று காலைப் பலகாரம் பிகட்டின் வீட்டில் சாப்பிட்டார். மத்தியானச் சாப்பாடும் அங்கேதான். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் வாருங்களேன் என்றார் பிகட். அதற்கென்ன, வருகிறேன் என்றார் கர்னல். சாயங்காலம் இருவரும் ஒரே வண்டியில் கோட்டையிலிருந்து தோட்ட வீட்டுக்குக் கிளம்பினார்கள். தீவுத்திடல் பக்கம் வந்ததும் சிப்பாய்கள் வண்டியை மறித்தார்கள். கவர்னரைக் கைது செய்ய உத்தரவு. உத்தரவு கொடுத்தவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். பிகட்டைப் பரங்கிமலைக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். ராத்திரிச் சாப்பாடு என்ன ஆனது என்று தெரியவில்லை.

பிகட் விடுதலையாகவே இல்லை. 1777 மே 11 அன்று காவலிலேயே செத்தார். அவரை மீண்டும் பதவியில் வைக்கும்படி லண்டனிலிருந்து வந்த உத்தரவுக்கு வாங்கிக்கொள்ள ஆளில்லை. கைது செய்த சபையினர் நால்வர் மேல் இங்கிலாந்தில் வழக்கு நடந்தது. தண்டனை, தலைக்கு 1,000 பவுன் அபராதம். ஒரு கவர்னரைச் சாகும்வரை அடைத்துவைக்க அவ்வளவுதான் கட்டணம் என்று முன்பே தெரிந்திருந்தால் இன்னும் சில கவர்னர்களுக்கு அந்தக் கதி வந்திருக்கும்.

பென்ஃபீல்டைத் திருப்பிக் கூப்பிட்டார்கள். போனார், பாராளுமன்றத்தில் ஒரு இடத்தை வாங்கிக்கொண்டார், வேலையையும் திரும்பப் பெற்றார். 1784-ல் நவாபின் கடன்களை என்ன செய்வது என்ற கேள்வி லண்டனில் எழுந்தது. விசாரித்துவிட்டுக் கொடுக்கலாம் என்றது கும்பினி. அதற்குத் திடீர் நியாய உணர்ச்சி ஏன் வந்தது? நவாப் கும்பினிக்கும் பாக்கி வைத்திருந்தார். ஊழியர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டால் முதலாளி வரிசையில் பின்னால் நிற்கவேண்டும். விசாரணை வேண்டாம், கர்நாடக வருமானத்திலிருந்து வருஷத்துக்கு 12 லட்சம் வராகன் எடுத்து அடையுங்கள் என்று முடிவு செய்த அரசின் தலைவர் இளைய பிட். ஆம், வைரத் தாத்தாவின் கொள்ளுப்பேரன்.

1785 பிப்ரவரி 28 அன்று பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் எழுந்தார். மணிக்கணக்கில் பேசினார். ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிய அந்தப் பேச்சு பின்னால் புத்தகமாக வந்து, ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்துவிட்டது. அதில் நம் பக்கத்து ஏரிகளைப் பற்றி ஒரு பகுதி உண்டு. மழையை நம்பிக் கிடக்கிற நாட்டில் ஆயிரக்கணக்கில் ஏரி வெட்டி வைத்த பழைய ராஜாக்களுக்கும் ஆசை அடங்கவில்லைதான், ஆனால் அவர்களுக்கு அடங்காதது ஜனங்களுக்கு நல்லது செய்கிற ஆசை என்ற கருத்தில் பேசுகிறார். லண்டனில் உட்கார்ந்துகொண்டு, இந்த நாட்டுக் கரையையும் மதகையும் நேரில் பார்க்காத ஒரு மனிதர் பேசியது என்று நினைத்தால் சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆசையைப் பார்த்து அது யாருக்காக என்று கேட்டவர் இந்தக் கதை முழுக்கவே அவர் ஒருவர்தான்.

சிலிர்த்து முடித்த பிறகு இதையும் சொல்லவேண்டும். பர்க்கின் உறவினர் என்றும் உயிர் நண்பர் என்றும் சொல்லப்படும் வில்லியம் பர்க், 1777-ல் சென்னைக்கு வந்து தஞ்சாவூர் ராஜாவின் முகவராக ஆனவர். பிறகு பர்க்கின் செல்வாக்கால் இந்தியாவில் ராணுவச் சம்பளப் பட்டுவாடா உத்தியோகமும் கிடைத்தது. பேச்சின் அருமை இதனால் குறையாது. எந்தக் களத்துமேட்டிலிருந்து பேசினார் என்று தெரிந்துகொள்வதில் தப்பும் இல்லை. பர்க் பேசிய தரப்பு ஓட்டெடுப்பில் தோற்றது. அவருடைய பேச்சுக்குப் பதில் சொல்லக்கூடத் தேவையில்லை என்று பிட் உட்கார்ந்துவிட்டதாகச் சொல்வார்கள்.

விசாரிக்காமல் கொடுத்தால் என்ன ஆகும்? கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்ததும் இன்னும் கேட்டார்கள். 1801-ல் கர்நாடகத்தைக் கும்பினியே எடுத்துக்கொண்ட பிறகு, 1805-ல் ஒரு கமிஷன் உட்கார்ந்தது. நவாப் எங்களுக்குத் தரவேண்டும் என்று புதிதாகக் குவிந்த கோரிக்கைகள் சுமார் 3 கோடி பவுன். வருஷக்கணக்கில் கிண்டிப் பார்த்ததில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையாகத் தேறவில்லை. அப்படியானால் விசாரணையே இல்லாமல் அடைக்கப்பட்ட முந்தைய கடனில் எவ்வளவு உண்மை இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பென்ஃபீல்டு சீமையில் வங்கி வைத்தார், வங்கி முழுகியது. 1810-ல் பாரிஸில் வறுமையில் செத்தார். பிட்டின் வைரம் அப்போது நெப்போலியனிடம் இருந்தது. புத்தகங்களைக் கேட்டால் யேல் கல்வி வள்ளல், பிட் ஒரு மாபெரும் அரசியல் குடும்பத்தின் முன்னோர், பென்ஃபீல்டு பேராசையின் மறு உருவம். என் தீர்ப்பைக் கேட்டால், மூவரும் ஒரே ரகம். மூன்றாமவருக்குக் கடைசிவரை பணத்தை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவருக்கும் அவர் கூட்டத்துக்கும் 1785-ல் ஒப்புக்கொண்ட கடன் 1804 வாக்கில்தான் தீர்ந்தது. அடைத்தவர்கள் ஆற்காட்டிலும் திருச்சியிலும் திருநெல்வேலியிலும் வரி கட்டிய குடியானவர்கள்.